முள்ளை இடப்பக்கம் தட்டு

என் மகனுக்கு உன் சித்தப்பா எழுதுவது.

ஞாயிறு தவறாமல் போனில் கதைக்கிற மனுசன் இப்போது எதற்குக் கடதாசியும் பேனாவும் எடுத்தான் என்று நீ யோசிப்பாய். போனைக் காதில் வைத்தால் என் வாய் என் சொல்லைக் கேட்காது, மகனே. ஒரு மீனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அது சொல்லி முடிப்பதற்குள் சுறாவாகிவிடும், உனக்கே தெரியும். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் எழுதவேண்டும். இப்படி மெதுவாக எழுதும்போது பொய் வருவதற்குள் கை களைத்துவிடுகிறது. இந்த உண்மையை இந்தத் தீவிலேயே முதலில் கண்டுபிடித்தவன் நான்தான் என்று நினைக்கிறேன்.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். சுவிஸில் உங்கள் ஊரின் சுடுகிற சங்கத்தில் சேர்ந்ததும், ஒரு பழைய ரிவோல்வர் வாங்கியதும், அதன் நுனியில் தேய்ந்துபோன குறிமுள்ளைக் கழற்றிப் புதியது போட்டதும் எல்லாம் எனக்குப் பெருமைதான். கோவிலில் நாலு பேரிடம் சொன்னேன். சுவிஸ் ராணுவமே உன்னை வந்து கேட்டதாகச் சொன்னேன், அதை நீ பெரிதாக எடுக்காதே. புதிய முள் போட்டபின் சுடுகிற சன்னம் எல்லாம் இடப்பக்கம் போகிறது, என்ன செய்யலாம் என்று போன கிழமை கேட்டாய். நான் யோசிக்கவேயில்லை. "முள்ளை வலப்பக்கம் தட்டு மகன், இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்றேன். நீ தட்டினாய். இப்போது வந்திருக்கிற படத்தில் ஆறு ஓட்டையும் முன்பைவிட இரண்டு மடங்கு இடப்பக்கம் போய் நிற்கின்றன. படத்துக்குக் கீழே நீ எழுதியிருந்தாய்: "சித்தப்பா, நானும் அப்பா மாதிரித்தான் போல. ஆறுவெடியின்ரை மகன் எல்லோ." அதற்குப் பக்கத்தில் சிரிக்கிற பொம்மை இரண்டு.

அதை வாசித்த நேரம் நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் வைத்துவிட்டேன்.

உன் கை பிழையில்லை. உன் அப்பாவின் கையும் பிழையில்லை. அன்றைக்கு முள்ளைத் தட்டிய கை என்னுடையது. நாற்பது வருசத்துக்கு முன்னால் அண்ணனுக்கு எந்தப் பக்கம் தட்டிக் கொடுத்தேனோ, அதே பக்கத்தைத்தான் போன கிழமை உனக்கும் சொல்லியிருக்கிறேன். உன் கல்யாண வீட்டில் ஆறுவெடிக் கதையைக் கட்டாயம் சொல்லவேண்டும், இலுப்பைக்கடவையிலிருந்து வருகிற பொம்பிளை வீட்டு ஆட்களும் கேட்டுச் சிரிக்கட்டும் என்று நீ ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறாய். அந்தக் கதையை அப்படியே சொல்ல என்னால் இனி முடியாது. ஏன் என்று உனக்கு முதலில் தெரியவேண்டும்.

உன் அப்பாவைக் கதிரையில் சாய்ந்திருக்கிற நோயாளியாகத்தான் நீ கடைசியாகப் பார்த்தாய். நான் சொல்கிற அண்ணனுக்கு அப்போது இருபத்தாறு வயது. நெடிய ஆள். நடந்தால் மணலே வழிவிடும். எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் ஆண்பிள்ளை பிறந்தால் கடலுக்குத்தான் என்று எழுதி வைத்திருந்த காலம் அது. ஆனால் அண்ணனுக்குக் கடல் ஒத்துவராது. வள்ளத்தில் கால் வைத்தாலே சத்தி எடுப்பார். அதனால் தலைமன்னார் வீதியில் இருந்த ஒரு தென்னந்தோட்டத்தில் காவலுக்குச் சேர்ந்தார். தோட்டத்து முதலாளி நல்ல மனுசன், ஆனால் பெருமைக்காரர். (என்னைவிடப் பெருமைக்காரரைப் பார்த்தாயா என்று கேட்டால், அவர் ஒருவரைத்தான்.) அனுமதிப் பத்திரத்தோடு ஒரு ரிவோல்வர் வைத்திருந்தார். வெள்ளைக்காரன் முத்துக்குளிப்புப் பார்க்க வந்தபோது கொண்டுவந்தது என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். உண்மையில் கொழும்பில் ஒரு கடையில் வாங்கியது.

அந்த ரிவோல்வரை அண்ணன் பிடித்தால் பார்த்துக்கொண்டேயிருக்கலாம். தென்னையில் ஒற்றைக் குரும்பையைக் காட்டினால் அதை மட்டும் விழுத்துவார், பக்கத்துக் குரும்பை ஆடாது. இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. கூட்டாமல் சொல்லக்கூடிய ஒரே ஆள் எனக்கு அவர்தான். நான் லீவு நாளில் தோட்டத்துக்குப் போனால் இளநீர் வெட்டித் தருவார். இருவரும் கிணற்றுக்கட்டில் இருந்து கதைப்போம். நான் கதைப்பேன், அவர் கேட்பார். "நீ சொன்னதில பாதியைக் கடல்ல போட்டாலும் மிச்சப் பாதி நல்லாத்தான் இருக்கு" என்பார். அப்படி என்னைக் கேட்டவர் பிறகு யாருமில்லை. தோட்டத்தைப் பார்க்கிற மனேச்சர் வேலையும் உள்ளே ஒரு கல்வீடும் உனக்குத்தான் என்று முதலாளி அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். உன் அம்மாவைப் பேசி முடித்ததே அந்தக் கல்வீட்டை நம்பித்தான்.

ஒருநாள் முதலாளியின் கையிலிருந்து ரிவோல்வர் சீமெந்துத் தரையில் விழுந்து, குழாயின் நுனியில் மேலே நிற்கிற முள் உடைந்துபோனது. அடுத்த ஞாயிறு கொழும்பிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள். என் காவல்காரன் இருபது எட்டு எடுத்து வைக்கிற தூரத்தில் மண்முட்டியை உடைப்பான் என்று முதலாளி அவர்களுக்கு ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தார். அண்ணன் என்னிடம் வந்தார். நான் அப்போது ஒரு வள்ள எஞ்சின் திருத்துகிற பட்டறையில் சம்பளத்துக்கு நின்றேன். காலையில் கடல், பின்னேரம் பட்டறை. "தம்பி, ஏலுமோ? ஏலாட்டில் ஏலாது எண்டு சொல்லு. நான் முதலாளியிட்டச் சொல்லுறன்" என்று கேட்டார். "அண்ணை, நீங்கள் கேக்கிற ஆளைப் பாத்துக் கேளுங்கோ" என்றேன் நான். ஏலாது என்கிற சொல் என் வாயில் வந்ததேயில்லை, மகனே. அது ஒரு நோய்.

வேலையைக் கெட்டிக்காரத்தனமாகத்தான் செய்தேன், அதை மறைக்கமாட்டேன். குழாயின் நுனியில் குறுக்காக ஒரு பள்ளம் இருக்கும், அதற்குள்தான் முள்ளின் அடி இறுகி நிற்கும். உன்னுடையதும் அந்த மாதிரிதான். முதலில் சன்னம் ஒன்றும் உள்ளே இல்லை என்று மூன்று முறை பார்த்தேன். நீயும் பார், மூன்று முறை. உடைந்த அடியைப் பக்கவாட்டில் தட்டி எடுத்தேன். பூட்டுத் தொலைந்த ஒரு பழைய பித்தளைத் திறப்பை அறுத்து, அராவி, புது முள் செய்து, பள்ளத்துக்குள் இறுக்கினேன். மூன்று பின்னேரம் எடுத்தது. ஊரில் ஒரு மணித்தியாலம் என்று சொன்னேன்.

சோதித்துப் பார்க்க முதலாளி தந்தது இரண்டே சன்னம். பத்திரத்தில் கணக்கு இருக்கிறது என்றார். சனிக்கிழமை பின்னேரம் அண்ணனும் நானும் ஊருக்கு மேற்கே ஆளில்லாத கரைக்குப் போனோம். உடைந்த வள்ளத்தின் பலகை ஒன்றை மணல் மேட்டில் சாய்த்து, கரித்துண்டால் ஒரு வட்டம் போட்டோம். அண்ணன் பத்து எட்டு எண்ணி நின்று இரண்டு வெடி வைத்தார். இரண்டு ஓட்டையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விழுந்தன. அது அவருடைய கை. ஆனால் வட்டத்துக்கு நாலு விரல் கீழே, ஒரு சாண் இடப்பக்கம். அது என்னுடைய முள். கீழே போனதற்கு முள்ளின் தலையைக் கொஞ்சம் அராவினேன். முள் பதிந்தால் சன்னம் உயரும், அதில் நான் பிழைவிடவில்லை. நீ அராவ வேண்டி வந்தால் போதும் என்று நினைப்பதற்கு முன்பே நிறுத்து. அராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

பிழை வந்தது பக்கத்தில்தான். அதை விளங்கிக்கொள்ள நீ என்னோடு வள்ளத்தில் ஏறவேண்டும். கரைக்குத் திரும்பும்போது பாறையில் மோதாமல் வருவதற்கு எங்களுக்கு இரண்டு அடையாளம் இருந்தன. கரையில் கிட்ட நிற்கிற ஒற்றைப்பனை, அதற்குப் பின்னால் தூரத்தில் கோவில் கோபுரம். பனையும் கோபுரமும் ஒரே கோட்டில் நின்றால் வழி சரி. வள்ளம் இடப்பக்கம் போய்விட்டால் பனை கோபுரத்துக்கு வலப்பக்கம் விலகித் தெரியும். உடனே பனை போன பக்கம், வலப்பக்கம் திருப்பவேண்டும். பத்து வயதிலிருந்து என் கண்ணும் கையும் பழகியது அதுதான். ரிவோல்வரைக் கையில் எடுத்தபோது பின்னால் குறி பார்க்கிற வெட்டும் முன்னால் நிற்கிற முள்ளும் எனக்குக் கோபுரமும் பனையுமாகத்தான் தெரிந்தன. சன்னம் இடப்பக்கம் போயிருக்கிறது, அப்படியென்றால் பனையை வலப்பக்கம் கொண்டுபோ. சுத்தியலை எடுத்து முள்ளை வலப்பக்கம் தட்டினேன்.

அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்தார். "இடப்பக்கம் எல்லோ போகுது தம்பி, அப்ப முள்ளு அங்கால போகவேணுமோ இஞ்சால வரவேணுமோ?" என்று கேட்டார். கேட்டார், மகனே. "அண்ணை, நீங்கள் தோட்டத்து ஆள். குறி பாக்கிறது கடல்காரன்ரை வேலை" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். மூன்றாவது சன்னம் ஒன்று இருந்திருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும். திரும்பி வரும்போது அவர் கையை என் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஈரமணலில் எங்கள் நாலு கால் அடையாளமும் பின்னால் கிடந்தன. அப்படி இருவரும் ஒன்றாக நடந்தது அதுதான் கடைசி என்று சொன்னால் அது பொய். பிறகும் எத்தனையோ நாள் நடந்தோம். ஆனால் தோளில் கை போட்டு அவர் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பலத்த சோளகக் காற்று. தோட்டத்துக்கு எதிரே கடற்கரையில் இரண்டு கம்பு நட்டு முட்டியைக் கட்டியிருந்தார்கள். பின்னால் வெறும் கடல். விருந்தாளிகள் கதிரை போட்டு இருந்தார்கள். உன் அம்மா வீட்டு ஆட்களும் வந்திருந்தார்கள், மாப்பிள்ளையின் கெட்டித்தனத்தைப் பார்க்க. முதல் வெடி. முட்டி அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது. பலகை என்றால் எங்கே போகிறது என்று ஓட்டை காட்டும். காற்றில் வெள்ளையாய் நுரைத்த அந்த அலைக்குள் சன்னம் விழுந்த இடம் யாருக்குத் தெரியும்? அண்ணன் ஒவ்வொரு வெடிக்கும் கையைத் தாழ்த்தி, மூச்சை விட்டு, மறுபடி தூக்கினார். என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. ஆறாவது வெடி முடிந்ததும் ஒரு விருந்தாளி எழும்பிப்போய் முட்டியைக் கைத்தடியால் தட்டி உடைத்துவிட்டு, "இப்பிடி அடிக்கவேணும் தம்பி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. பின்னேரம் அண்ணனைக் கூப்பிட்டு, "நாளையில இருந்து நீர் வர வேண்டாம்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து கிணற்றடியில் கால் கழுவும்போது அண்ணன் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "தம்பி, எந்தப் பக்கம் தட்டினனீ?" நான், "சரியான பக்கம்தான் அண்ணை. காத்தெல்லே கொண்டுபோனது" என்றேன். "ஓம், காத்துத்தான்" என்றார் அவர்.

அடுத்த நாள் பட்டறையில் ஒரு இரும்புக் குழாயை எடுத்து, பின்னால் ஒரு வெட்டும் முன்னால் ஒரு ஆணியும் வைத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. முள்ளை வலப்பக்கம் தள்ளினால், அதை வெட்டுக்குள் கொண்டுவர உன் கை குழாயை இடப்பக்கம் திருப்பும். கடலில் அடையாளம் அசையாது, வள்ளம்தான் அசையும். இங்கே நாங்களே அடையாளத்தை அசைக்கிறோம். ஒரு சாண் பிழை இரண்டு சாணாகி, இருபது எட்டுத் தூரத்தில் நாலு சாணாகியிருக்கிறது. பிசாசே வந்து சுட்டாலும் அந்த முட்டியில் பட்டிருக்காது. அந்த நிமிடமே சைக்கிளை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போயிருக்கலாம். குழாயும் ஆணியும் கையில் இருந்தன. ஆனால் அதே காலையில் பேசாலையிலிருந்து ஒருவர், ரிவோல்வர் திருத்தின பொடியன் யார் என்று கேட்டுக்கொண்டு எஞ்சின் கொண்டுவந்தார். எனக்குச் சொந்தப் பட்டறை போடுகிற ஆசை. நான்தான் என்று சொல்லி எஞ்சினை வாங்கி வைத்தேன்.

முள்ளைப் போட்டது யார் என்று யாரும் யோசிக்க முன்னம் நானே தேத்தண்ணிக் கடையில் கதையைத் தொடங்கினேன். அண்ணனைப்போல் நின்று காட்டினேன், அவரைப்போல் ஒரு கண்ணை மூடிக் காட்டினேன், ஆறு வெடிக்கும் ஆறு விதமாகத் துள்ளினேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆறுவெடி என்ற பெயரை வைத்தது ஊர் இல்லை மகனே, நான். இருபது எட்டு என் வாயில் பத்தானது, பிறகு ஐந்தானது. முட்டி வரவரப் பெருத்து நெல் அவிக்கிற அண்டா அளவுக்கு வந்தது. பிரச்சினைக் காலத்தில் வள்ளமேறி மண்டபம் அகதி முகாமுக்குப் போனோமே, அந்தப் பெயர் எங்களுக்கு முன்னாலேயே போய் வரிசையில் நின்றது. நீ அங்கே பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் நாள் ஆறுவெடியின் மகன் என்று யாரோ கூப்பிட, நீயும் சிரித்துக்கொண்டு வந்து என்னிடம் சொன்னாய். நானும் சிரித்தேன். சொல்லிச் சொல்லி அது எனக்கே உண்மையாகிவிட்டது. அப்படி இல்லாவிட்டால் போன கிழமை உனக்கு வலப்பக்கம் என்று சொல்லியிருப்பேனா?

கல்வீடு போனது. உன் அம்மா வீட்டில் கல்யாணத்தை இரண்டு வருசம் தள்ளிப் போட்டார்கள். கடல் ஒத்துவராத மனுசன் கூலிக்குக் கடலுக்குப் போனார். காலையில் வள்ளத்தின் ஓரத்தில் குனிந்து சத்தி எடுத்துவிட்டு, வாயைக் கழுவிவிட்டு வலை இழுப்பார். நான் கதை சொல்கிற இடத்தில் அவர் இருந்தால் எழும்பிப் போகமாட்டார். கடைசிவரை இருந்து கேட்டுவிட்டு, "அண்டைக்குச் சரியான காத்து" என்பார். அதற்கும் சனம் சிரிக்கும். நான் கொடுத்த பொய்யை அவர் கடைசிவரை எனக்காக வைத்திருந்தார். தெரிந்து வைத்திருந்தாரா, தெரியாமலா என்று நான் கேட்கவில்லை. அவர் படுக்கையில் கிடந்த மூன்று மாதமும் தினமும் போனேன். நண்டு, மழை, எலெக்சன், எல்லாம் கதைத்தேன். இதைத் தவிர.

உன் படம் வந்த அன்றே உன் அம்மாவிடம் போனேன். மச்சாள் முற்றத்தில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தா. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டாமல் சொன்னேன். அவ கையில் இருந்த மீனைக் கீழே வைக்கவில்லை. "நானும் சிரிச்சனான்" என்றா. "நாப்பது வருசம். அந்த மனுசன் பக்கத்தில இருக்க, நானும் உங்களோடை சேந்து சிரிச்சனான்." நான் மன்னிப்புக் கேட்கப்போனேன். கையைக் காட்டி நிறுத்தினா. "எனக்கு வேண்டாம். எத்தினை பேரைச் சிரிக்கவைச்சனீர்?" என்று கேட்டா. எனக்கு எண்ணிக்கை தெரியாது என்றேன். "கலியாணத்துக்கு எல்லாரும் வருவினம். அங்கை சொல்லும். சிரிக்கவைக்க எவ்வளவு நேரம் எடுத்தீரோ அவ்வளவு நேரம் எடுத்துச் சொல்லும். சுருக்கினீர் எண்டால் நான் எழும்பி வந்து சொல்லுவன்." தேத்தண்ணி தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே மகனே, இன்றைக்கே ரிவோல்வரை எடு. உள்ளே சன்னம் இல்லை என்று பார். முள் இப்போது நிற்கிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடு, எவ்வளவு அசைந்தது என்று பிறகு தெரியவேண்டும். பித்தளைத் துண்டொன்றை இடையில் வைத்து, சின்னதாக, இடப்பக்கம் தட்டு. சன்னம் போகிற பக்கத்துக்கே முள்ளும் போகவேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு சுட்டுப் பார். உனக்குச் சன்னத்துக்குப் பஞ்சமில்லை. சுடும்போது கண் முள்ளின் நுனியில் இருக்கட்டும், குறிப்பலகை மங்கலாகத் தெரிந்தால் போதும். பக்கத்தில் நிற்கிற ஒருவன் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டால், அவன் தோட்டத்து ஆளாக இருந்தாலும் நின்று பதில் சொல்லு. ஆறும் நடுவில் விழுந்த படத்தை எனக்கு அனுப்பாதே, உன் அம்மாவுக்கு அனுப்பு.

கல்யாணத்தன்று விருந்து முடிந்து நான் எழும்பி நிற்பேன். நான் எழும்பின உடனேயே சனம் பழக்கத்தில் சிரிக்கத் தொடங்கும். ஒரு கண்ணை மூடிக் காட்டுங்கோ என்று யாராவது கத்துவார்கள். எனக்கும் மூடிக் காட்ட ஆசை வரும், என்னை எனக்குத் தெரியும். அந்த நேரம் நான் உன் முகத்தைத்தான் பார்ப்பேன், மகனே. நீ மட்டும் சிரிக்காமல் இரு.

உன் சித்தப்பா